மாங்குளத்துப் பட்டறையில் ஒட்டுவித்த பக்கப்பைத் தாங்கி: ஒரு மதிப்பீடு

நீர்ப்பம்பிகளையும் கிருமிநாசினித் தெளிகருவிகளையும் தோட்டங்களுக்கே சென்று திருத்திக் கொடுப்பது எனது தொழில். ஆகையால் ஸ்பனர்கள், சுத்தியல், உதிரிப்பாகங்கள், எண்ணெய்ப் போத்தல்கள் ஆகியவற்றைக் கொண்ட இரண்டு கன்வஸ் பைகள் எனது பஜாஜ் சி.ரி. 100 மோட்டார் சைக்கிளின் இரு பக்கங்களிலும் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பைகளுக்கென்று வீட்டில் அளவெடுத்து, மாதிரி செய்து, மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதியோரமாக இயங்கும் சிறிய வெல்டிங் பட்டறை ஒன்றில் ஒட்டுவித்த இரும்புத் தாங்கியையும் அந்தப் பட்டறையின் வேலையையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். மாரி மழையின் சேற்றிலும் சோழகக் காற்றுக் காலத்துப் புழுதியிலும் ஓடிப் பார்த்த பின்னரே இதை எழுதத் துணிந்தேன். ஒட்டு வேலைக்காகவும் அளவு நேர்த்திக்காகவும் அந்தப் பட்டறையை மனமார விதந்துரைக்கிறேன். வர்ணப்பூச்சை மட்டும் அவர்களிடம் விடவேண்டாம். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் தாங்கி என்ன வேலை செய்கிறது என்பதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் பலரும் அது பையின் பாரத்தைச் சுமப்பதற்கான பொருள் என்றே எண்ணிப் பட்டறைக்குப் போகிறார்கள். இருக்கையின் குறுக்கே வார் போட்டுத் தொங்கவிடும் பைகளின் பாரத்தில் பெரும்பகுதியை அந்த வார்தான் சுமக்கிறது. தாங்கியின் முதற்கடமை பை உட்பக்கமாகச் சாயாமல் தடுப்பது. தாங்கி இல்லாத மோட்டார் சைக்கிளில், வளைவில் சரியும்போதும் குழியில் விழும்போதும் பையின் அடிமூலை உள்ளே ஆடி, இடப்பக்கத்தில் சங்கிலியையோ சில்லின் கம்பிகளையோ தொடும். வலப்பக்கத்தில் சைலன்சரில் ஒட்டிக்கொள்ளும். சில்லுக் கம்பிகளுக்குள் பையின் வாரோ துணியோ அகப்பட்டால் பின்சில்லு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஏ9 வீதியில் பேருந்துக்கு முன்னால் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சைலன்சர்ப் பக்கத்து ஆபத்து மெதுவாக வருவது. உரப்பைகள் நெய்யப்படும் பொலிப்புரோப்பிலீன் ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகிவிடும். நைலோன் சற்றுக் கூடுதலாக 220 பாகை அளவுவரை நிற்கும். கன்வஸ் உருகாது, கருகும். இயந்திரத்தை அண்டிய புகைக்குழாய்ப் பகுதியில் இந்த வெப்பமெல்லாம் மிகச் சாதாரணம்.

இந்திய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இடப்பக்கத்தில் சேலை சில்லில் சிக்காதிருக்க ஒரு கம்பிக் காப்பு பூட்டப்பட்டு வருகிறது. அது இருப்பதால் இடப்பக்கத்துக்குத் தாங்கி வேண்டாம் என்று சொல்வோரைச் சந்தித்திருக்கிறேன். அந்தக் காப்பு துணியை விலக்கி வைக்கப் போதுமானது. இரும்புச் சாமான்கள் நிறைந்த பை நாள்தோறும் மோதினால் அது சில்லை நோக்கி மெல்ல மெல்ல வளைந்துபோகும். ஆகவே அதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு பக்கங்களுக்கும் தாங்கி செய்வதே முறை.

கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் தாங்கிகளையும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பார்த்தேன். அவற்றின் வர்ணமும் வழுவழுப்பும் பட்டறை வேலையைவிட மேலானவை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பெரிய இயந்திர வலுக்கொண்ட மோட்டார் சைக்கிள்களை மனத்திற் கொண்டு செய்யப்பட்டவை. சிறிய வண்டிகளுக்கு என்று விற்கப்பட்டவை பக்கத்துக்கு இரண்டு போல்ட்களில் மட்டும் தொங்குபவை. இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்த இடைவெளியில், எங்கள் பகுதியில் பழைய மோட்டார் சைக்கிள்களே திருத்தித் திருத்தி ஓட்டப்பட்டன. விழுந்து நிமிர்த்தப்பட்ட சட்டகம், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் பூட்டிய மட்காட், ஒரு பக்கம் வளைந்த கைப்பிடிக் கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரலாறு இருக்கிறது. தொழிற்சாலை அளவுக்குத் துளையிட்ட தாங்கியை அப்படிப்பட்ட வண்டியில் பூட்டும்போது, போல்ட் துளைகள் சில மில்லிமீற்றர் விலகி நிற்கும். பலவந்தமாக இழுத்துப் பூட்டிய இரும்போ ஓடத் தொடங்கும் முன்னரே இறுக்கத்தில் இருக்கும். அந்த இறுக்கமே பின்னர் வெடிப்பாக வெளிவரும். தன் வண்டிக்குத் தானே அளவெடுத்துச் செய்யும் தாங்கியின் முதல் நன்மை இதுதான். மலிவு அதற்கு அடுத்ததே.

மாங்குளத்துப் பட்டறையைத் தெரிவு செய்ததற்குக் காரணம், பால் சேகரிப்பவர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு அவர்கள் செய்து கொடுக்கும் கொளுவிகளை நான் பல ஊர்களில் கண்டிருந்ததே. இருபது லீற்றர் பால் கானுடன் சேர்த்து இருபது கிலோகிராமைத் தாண்டும். இரு பக்கமும் அப்படித் தொங்கவிட்டு, விடியற்காலையில் கிரவல் ஒழுங்கைகள் வழியே வீடு வீடாகச் சென்று வருபவர்களின் இரும்பு எந்த இடத்தில் முறியும், எந்த இடத்தில் முறியாது என்பதை அந்தப் பட்டறைக்காரர் பல காலமாகத் தன் கையால் திருத்தித் தெரிந்து வைத்திருக்கிறார். பைத் தாங்கி அதைவிட இலகுவான வேலை. ஆனாலும் அவர் அதை இலகுவாக எடுக்கவில்லை. என் மாதிரியை வாங்கிப் பார்த்ததும் முதலில் என்னை இருக்கையில் ஏறி இருந்து ஆடச் சொன்னார். தான் பக்கத்தில் குந்தியிருந்து, நான் பூட்டுவதற்குத் தெரிவு செய்திருந்த ஒவ்வோர் இடத்தையும் பார்த்தார். "உதிலை பூட்டக்கூடாது தம்பி, உது சில்லோடை சேர்ந்து ஆடும்" என்று பின்னால் இருப்பவரின் கால்மிதியைக் காட்டிச் சொன்னார்.

அவர் சொன்னது இந்த வேலை முழுவதற்கும் அடிப்படையான விடயம் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். மோட்டார் சைக்கிளின் பின்பகுதியில் இரண்டு வகையான இரும்புகள் இருக்கின்றன. இருக்கை, மட்காட், கைப்பிடிக் கம்பி, ஷொக் அப்சோபரின் மேல் முனை ஆகியவை சட்டகத்தோடு அசையாமல் நிற்பவை. சில்லு, அதன் அச்சு, அந்த அச்சைப் பிடித்திருக்கும் அசையும் கவையான சுவிங் ஆம், ஷொக் அப்சோபரின் கீழ் முனை ஆகியவை வீதியின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் அசைபவை. சிறிய மோட்டார் சைக்கிள்களில் அந்த அசைவு ஏறத்தாழ 4 அங்குலம் வரை இருக்கும். சில வண்டிகளில் பின்னால் இருப்பவரின் கால்மிதி சட்டகத்தில் பூட்டப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் அது சுவிங் ஆமில் பூட்டப்பட்டிருக்கும். தாங்கியின் மேல் முனையை அசையாத இரும்பிலும் கீழ் முனையை அசையும் இரும்பிலும் பூட்டினால், ஒவ்வொரு குழியிலும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளும். எவ்வளவு தடித்த இரும்பானாலும் அது முறிந்தே தீரும். முறியாவிட்டால் சில்லின் அசைவைத் தடுக்கும், அது அதைவிடக் கேடு. கண்ணால் பார்த்து ஊகிப்பதைவிட, ஓர் ஆளை இருக்கையில் ஏற்றி அழுத்தி ஆடச் செய்து, பூட்ட நினைக்கும் இடத்துக்கும் மட்காட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறுகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. தூரம் மாறினால் அந்த இடத்தை மறந்துவிட வேண்டும்.

ஆகவே எங்கள் தாங்கி பக்கத்துக்கு மூன்று இடங்களில் பூட்டப்பட்டது. முதலாவது ஷொக் அப்சோபரின் மேல் போல்ட். இரண்டாவது இருக்கைக்குப் பின்னாலுள்ள கைப்பிடிக் கம்பியைச் சட்டகத்தோடு சேர்க்கும் போல்ட். மூன்றாவது, இருக்கைக்குக் கீழே இறங்கும் சட்டகக் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி. இரண்டு பாதிகளாகச் செய்து இரண்டு போல்ட்களால் இறுக்கப்படுவது. சட்டகக் குழாயில் துளையிடவோ நேரடியாக ஒட்டவோ கூடாது என்பதில் பட்டறைக்காரர் உறுதியாக இருந்தார். ஒட்டின் வெப்பம் பட்ட இடத்தில் சட்டகம் பலவீனப்படும் என்பதால் அந்த உறுதி சரியானது. பக்கத்துக்கு இரண்டு போல்ட்களில் மட்டும் நிற்கும் தாங்கி அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோட்டைச் சுற்றித் திரும்பப் பார்க்கும்; மூன்றாவது புள்ளி அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்தால்தான் அந்தத் திருப்பம் நிற்கும்.

இதோடு, இடப்பக்கத் தாங்கியையும் வலப்பக்கத் தாங்கியையும் இலக்கத் தகட்டுக்குக் கீழே ஒரு குறுக்குக் குழாயால் இணைத்திருக்கிறோம். முழு அமைப்பிலும் மிகக் குறைந்த இரும்பில் மிகக் கூடிய பயன் தருவது அந்தக் குறுக்குக் குழாய்தான் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு பக்கத்துப் பை உள்ளே தள்ளும்போது மற்றப் பக்கத்துத் தாங்கியும் சேர்ந்து எதிர்த்து நிற்கிறது. குறுக்குக் குழாயைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பார்த்தேன், தாங்கியின் கீழ் மூலை விரலளவு உள்ளே போயிற்று. பூட்டிய பின் தள்ளினால் வண்டி முழுவதும் சாய்ந்தது, தாங்கி வளையவில்லை. குறுக்குக் குழாயை ஒட்டாமல் போல்ட்டில் பூட்டுவது நல்லது. மட்காட்டைக் கழற்றவும், சேற்றைச் சுரண்டவும், ஒரு பக்கத் தாங்கியை மட்டும் எடுத்துச் சென்று திருத்தவும் அப்போதுதான் முடியும்.

இரும்பின் தெரிவைப் பற்றி ஊரில் நிலவும் எண்ணம் தவறானது. வீடு கட்டி மிஞ்சிய 12 மில்லிமீற்றர் கம்பியை வளைத்துத் தாங்கி செய்வதே பெருவழக்கு. கம்பி திண்மமாக இருப்பதால் பலம் என்று நம்புகிறார்கள். கணக்கைப் பார்ப்போம். 12 மில்லிமீற்றர் திண்மக் கம்பி ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 0.89 கிலோகிராம் நிறை கொண்டது. பொக்ஸ் பார் என்று கடைகளில் கேட்கும் சதுரக் குழாயில், 20 மில்லிமீற்றர் பக்கமும் 1.5 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பும் உள்ளது மீற்றருக்கு 0.87 கிலோகிராம். நிறை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வளைவதை எதிர்க்கும் விறைப்பில் சதுரக் குழாய் கம்பியைப் போல ஆறு மடங்கு. கதிரை செய்யப் பயன்படும் 19 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள கறுப்பு வட்டக்குழாயோ, அதே 1.5 மில்லிமீற்றர் தடிப்பில், மீற்றருக்கு 0.65 கிலோகிராம்தான்; விறைப்பில் கம்பியின் மூன்று மடங்கு. இரும்பு நடுவில் குவிந்திருப்பதைவிட வெளியோரத்தில் இருக்கும்போதே வளைவை எதிர்க்கிறது. மூங்கில் உள்ளே வெறுமையாக இருந்தும் நிமிர்ந்து நிற்பது இதனால்தான். நான் வட்டக்குழாயைத் தெரிவு செய்தேன், ஏனெனில் அதன் விளிம்பு பையைக் கிழிக்காது. சதுரக் குழாயை வெட்டி ஒட்டும் மூலைகளுக்குப் பதிலாக வட்டக்குழாயில் வளைவுகள் வருவதால் ஒட்டுகளின் எண்ணிக்கையும் குறைகிறது. ஆனால் பட்டறையில் குழாய் வளைக்கும் கருவி இருக்கவேண்டும். இல்லாதவர்கள் குழாய்க்குள் உலர்ந்த மணலை இறுக நிரப்பி இரு முனைகளையும் அடைத்து வளைப்பார்கள், இல்லாவிட்டால் வளைவின் உட்புறம் நசிந்துவிடும்.

தண்ணீர்க் குழாயாக விற்கப்படும் நாகம் பூசிய குழாயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கறல் பிடிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒட்டும் இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோகும் என்பதால் அந்தப் பாதுகாப்பு மிகத் தேவையான இடத்திலேயே இல்லாமற் போகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், எரியும் நாகத்தின் வெண்புகையைச் சுவாசிக்கும் ஒட்டுக்காரருக்கு அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும் உடல்நோவும் வரக்கூடும். ஒட்டும் இடத்தைச் சுற்றிப் பூச்சைக் கிரைண்டரால் நீக்கி, காற்றோட்டமான வெளியில் வைத்தே அதை ஒட்டவேண்டும். நமக்கு வேலை செய்து தருபவரின் உடல்நலம் நாம் கொண்டுபோகும் இரும்பிலும் தங்கியிருக்கிறது.

வீட்டில் செய்யவேண்டிய வேலை அளவெடுப்பதுதான்; அதற்கு அவசரம் கூடாது. பையில் வழக்கமாக ஏற்றும் சாமான்களை ஏற்றி, வழக்கமான இடத்தில் தொங்கவிட்டு, பையின் உட்பக்க மூலைகள் எங்கே வருகின்றன என்று சோக்கட்டியால் அடையாளமிட வேண்டும். வெறும் பையைத் தொங்கவிட்டு எடுத்த அளவு பயன்படாது, ஏனெனில் பாரம் ஏறியதும் பை கீழே இறங்கி அகன்றுவிடும். அதன்பின் கையால் வளைக்கக்கூடிய வேலிக் கம்பியால் தாங்கியின் வடிவத்தை அப்படியே வளைத்து, கட்டுக்கம்பியால் வண்டியில் கட்டிப் பார்க்கலாம். அந்தக் கம்பி மாதிரியை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய இடங்கள் பல. ஷொக் அப்சோபருக்கும் தாங்கிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளியாவது இருக்கவேண்டும். சைலன்சருக்கு மேல் இன்னும் கூடுதலாக. சில்லின் அச்சு நட்டைத் திருக ஸ்பனர் நுழைய வேண்டும்; சங்கிலியை இறுக்கும் இடம் கைக்கு எட்டவேண்டும்; வலப்பக்கத்தில் கிக் அடிக்கும் காலும் பிறேக் மிதியும் பையின் முன்மூலையில் தட்டக்கூடாது. பின் சிக்னல் விளக்குகளையும் இலக்கத் தகட்டையும் பை மறைக்கக் கூடாது. எங்கள் வண்டியில் விளக்கு மறைந்ததால் அதைக் குறுக்குக் குழாயின் முனைகளுக்கு மாற்றினோம். மொத்த அகலம் முன்னாலுள்ள கைபிடியின் (ஹாண்டிலின்) அகலத்தை மீறாமல் இருக்கவேண்டும். கைபிடி நுழைந்த படலையில் பையும் நுழையும் என்ற நம்பிக்கையிலேயே கை ஓட்டுகிறது. முல்லைத்தீவுக்கு அருகிலுள்ள பழைய வட்டுவாகல் பாலத்தைப் போன்ற ஒடுங்கிய இடத்தில் எதிரே வாகனம் வரும்போது அந்த நம்பிக்கை பொய்க்கக் கூடாது. பாரம் பின்சில்லின் அச்சுக்குப் பின்னால் போகாமல் முன்னோக்கியும் தாழ்வாகவும் இருக்கவேண்டும், பின்னால் போனால் முன்சில்லு இலேசாகி மணலில் கைபிடி சொற்கேளாது.

பட்டறையின் ஒட்டு வேலையில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. குழாயை வண்டியில் வைத்து அளவு பார்த்து, அடையாளமிட்டு, கழற்றி மேசையில் வைத்தே ஒட்டினார்கள். வண்டியிலேயே வைத்து ஒட்டும் பட்டறைகளும் உண்டு; மின்சாரம் சில்லின் பெயரிங் வழியாகப் பாய்ந்தால் அது பழுதாகும், மின்னணு இக்னிசன் பெட்டி எரிந்துபோகலாம், பெற்றோல் தாங்கியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தவிர்க்க முடியாமல் ஒரு புள்ளி மட்டும் வண்டியில் வைத்துப் பிடிக்கவேண்டி வந்தாலும் பற்றரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மெல்லிய குழாய்க்கு 2.5 மில்லிமீற்றர் ஒட்டுக்குச்சியையே பயன்படுத்தினார்கள். கேற்று ஒட்டும் 3.2 மில்லிமீற்றர்க் குச்சியால் ஒட்டினால் இந்தத் தடிப்பில் ஓட்டை விழும். குழாயின் முனையை நசித்துத் துளையிட்டு போல்ட் போடும் குறுக்குவழியை அவர்கள் எடுக்கவில்லை. நசித்த இடத்துக்கும் வட்டமான இடத்துக்கும் நடுவில் இரும்பு ஏற்கனவே களைத்துப்போயிருக்கும் என்பதால், அதிர்வில் அங்கேதான் முதலில் வெடிக்கும். அதற்குப் பதிலாக 5 மில்லிமீற்றர்த் தகட்டில் போல்ட் துளையுள்ள காது வெட்டி, குழாயின் முனையில் பிளவு போட்டு உள்ளே செருகி, சுற்றிவர ஒட்டியிருக்கிறார்கள். குழாயின் திறந்த முனைகள் எல்லாம் அடைக்கப்பட்டன. தண்ணீர் உள்ளே போக இடமிருந்தால் குழாய் உள்ளிருந்து கறல் பிடிக்கும், வெளியே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே.

ஷொக் அப்சோபரின் மேல் போல்ட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதில் 5 மில்லிமீற்றர்த் தகடு புதிதாக நுழையும்போது, நட்டுக்குள் பிடிக்கும் புரிகளின் எண்ணிக்கை அந்த அளவுக்குக் குறையும். நட்டை முழுவதும் இறுக்கிய பின் போல்ட்டின் முனை குறைந்தது ஒரு புரியாவது வெளியே தெரியவேண்டும். தெரியாவிட்டால் நீளமான போல்ட்டோ வேறு ஏற்பாடோ வேண்டும். மாற்றும் போல்ட்டின் தலையில் பலத்தின் தரத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கதவுப் பிணைச்சலுக்கு விற்கும் மென்மையான போல்ட்டை அந்த இடத்தில் போடக்கூடாது, ஏனெனில் அது பையை மட்டுமன்றி உங்களையும் தாங்கும் போல்ட்.

வர்ணப்பூச்சுக்கு வருவோம். பட்டறையில் ஒட்டின் கசட்டைத் தட்டி, கிரைண்டரால் ஒருமுறை தடவி, நேரடியாகக் கறுப்பு எனாமலைப் பூசித் தந்தார்கள். முதல் மாரியிலேயே ஒட்டுகளைச் சுற்றிச் சிவந்த கோடுகள் தோன்றின. மட்காட்டுக்குக் கீழே சேறு அடிக்கும் பக்கத்தில் பூச்சு தோல் உரிவதுபோல உரிந்தது. அதைக் குறையாகச் சொன்னபோது அவர்கள் மறுக்கவில்லை. மீண்டும் பூசித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் இந்த வேலைக்கு அவர்களிடம் நேரமும் இடமும் இல்லை என்பதைக் கண்டதால் நானே வீட்டில் செய்தேன். ஒட்டுகளைக் கம்பித் தூரிகையால் வெள்ளையாகும்வரை தேய்த்து, எண்ணெய்ப் பசை போக தின்னரால் துடைத்து, கறல் தடுப்புப் பூச்சை இரண்டு முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் எனாமல் பூசினேன். அதன்பின் கடற்கரைப் பக்கமாக முல்லைத்தீவு, அளம்பில் என்று ஓடியும் அந்தப் பூச்சு நிற்கிறது. ஆகவே தாங்கியை வர்ணம் பூசாமலே வாங்கி வாருங்கள். கூலியிலும் சிறிது குறையும். குழாயில் பை உரசும் இடத்தில் பழைய ரியூபைச் சுற்றிக் கட்டும் வழக்கத்தையும் நான் விட்டுவிட்டேன், ஏனெனில் ரியூபுக்கும் இரும்புக்கும் இடையில் மழைத்தண்ணீர் நாட்கணக்கில் தங்கிக் கறலை வளர்க்கிறது. குழாயை வெறுமையாக விட்டு, பையின் முதுகில் தடித்த கன்வஸ் துண்டொன்றைத் தைத்துக்கொள்வதே மேல்.

ஓட்டத்தில் தாங்கி எப்படி என்றால், மாங்குளம் முல்லைத்தீவு வீதியின் தார்ப்பரப்பில் எந்தத் தாங்கியும் நன்றாகத்தான் இருக்கும். சோதனை ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கத்துத் தோட்டங்களுக்கு இறங்கும் கிரவல் பாதைகளிலும், வவுனிக்குளத்துக் குளக்கட்டையும் வாய்க்கால் வரம்புகளையும் அண்டிய பாதைகளிலும்தான் தொடங்குகிறது. கோடையில் கிரவல் வீதி அலை அலையாக வரி விழுந்து கிடக்கும்போது, பெரிய குழியைவிட அந்த இடைவிடாத சிற்றதிர்வே இரும்புக்குக் கேடு செய்கிறது. பை உள்ளே சாயும் பயமின்றி நான் இப்போது அந்தப் பாதைகளில் ஓடுகிறேன். வண்டி வளைவில் திரும்பும்போது பைகள் பிந்தி ஆடித் தள்ளும் உணர்வு முற்றாக நின்றுவிட்டது. ஒட்டு எதுவும் வெடிக்கவில்லை. சட்டகக் கவ்வியின் போல்ட்கள் தொடக்கத்தில் தளர்ந்தன. கவ்விக்குள் வைத்த ரப்பர் நசிந்து படிந்ததே காரணம். மறுபடி இறுக்கி, நைலோன் வளையமுள்ள லொக் நட் போட்ட பின் தளரவில்லை. வெடிப்பு வந்தால் ஒட்டின் நடுவில் வராது, ஒட்டு முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில்தான் வரும். வண்டியைக் கழுவும்போது அந்த ஓரத்தில் தலைமயிரளவு கறல் கோடு தெரிகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். பின்சில்லில் காற்றுப் போனபோது, பைகளை எடுத்துவிட்டுத் தாங்கியைக் கழற்றாமலே சில்லை வெளியே எடுக்க முடிந்தது. இதற்கு வீட்டில் கம்பி மாதிரியோடு செலவழித்த பொழுது பலன் தந்தது.

முழுத் தாங்கியும் குறுக்குக் குழாயோடு 3 கிலோகிராமுக்குச் சற்று மேல். இரும்பும் கூலியும் சேர்த்து, ஆயத்தமாக விற்கப்படும் தாங்கிக்குக் கடையில் கேட்ட விலையில் ஏறத்தாழப் பாதி முடிந்தது. கொடுக்கப்பட்ட கூலிக்கு அந்த வேலை மிகவும் நேர்மையானது. இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டேன். தாங்கி இருக்கிறது என்பதற்காகப் பையில் பாரத்தைக் கூட்டுவது மட்டும் கூடாது. ஒரு பக்கம் பாரம் மறுபக்கம் வெறுமை என்று ஓடவும் கூடாது. தெளிகருவியின் உதிரிகளை ஒரு பக்கமும் பம்பியின் உதிரிகளை மறுபக்கமும் வைத்த பழைய ஒழுங்கை விட்டு, நிறையைப் பார்த்தே பிரித்து வைக்கிறேன்.

பட்டறை சந்தியிலிருந்து நடக்கும் தூரத்தில், வீதியின் ஓரத்திலேயே இருக்கிறது. உழவு இயந்திரப் பெட்டிகளும் கேற்றுகளும் வெளியே சாத்தப்பட்டிருப்பதால் தேடவேண்டியதில்லை. வண்டியைக் கழுவி, பைகளைச் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு, கம்பி மாதிரியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். வண்டியை ஒரு பகல் முழுதும் அங்கே விடவேண்டி வரும், ஏனெனில் இரண்டு பக்கங்களையும் ஒட்டிய பின் மீண்டும் பூட்டிப் பார்த்து, பாரத்தோடு ஆட்டிப் பார்த்த பின்னரே தருகிறார்கள். காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் உழவு இயந்திரப் பெட்டி வேலைகள் குவிந்து கிடப்பதால் இத்தகைய சிறு வேலைகளுக்குத் தவணை சொல்வார்கள். ஆவணியிலோ புரட்டாசியின் தொடக்கத்திலோ போனால் உடனே எடுப்பார்கள், மழைக்கு முன் வர்ணம் பூசிக் காயவைக்கவும் வெயில் கிடைக்கும்.